அழுகை ஓயாத கைக்குழந்தைகளுக்கு 'கிரேனியல் ஆஸ்டியோபதி': பெற்றோரின் அனுபவமும் ஆய்வுகளின் முடிவும்

மும்பை: பிறந்து ஒன்றரை மாதமே ஆன குழந்தை மாலை 6 மணிக்கு அழத் தொடங்குகிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டுத் தட்டியும் ஆயிற்று. இரவு 9 மணி கடந்தும் அழுகை ஓயவில்லை. முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கி, கைகளை இறுக மூடிக்கொண்டு குழந்தை வீறிடுகிறது. மறுநாளும் அதே நேரத்தில் அதே அழுகை.

தாராவியின் ஒற்றை அறை வீடாயினும், மாட்டுங்காவின் பழைய கட்டடமாயினும், செம்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்பாயினும் இந்தக் காட்சியில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அழுகையை நிறுத்த யாரிடம் செல்கிறார்கள் என்பதில்தான் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு காணப்படுகிறது. சிலர் பாட்டியை அழைக்கின்றனர். சிலர் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் 'மாலிஷ்வாலி' பெண்மணியை நாடுகின்றனர். மேலை நாடுகளில் பல ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ள 'கிரேனியல் ஆஸ்டியோபதி' என்ற சிகிச்சையின் பெயரும் இப்போது பெருநகரங்களில் இளம் பெற்றோரின் காதுக்கு எட்டியுள்ளது.

குழந்தையின் தலையையும் முதுகையும் மிக மென்மையாகத் தொட்டுச் செய்யப்படும் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அழுகை குறைந்ததாகப் பெற்றோர் பலர் உறுதியாகக் கூறுகின்றனர். ஆய்வுகளோ அந்த அளவுக்கு உறுதி அளிக்கவில்லை. இந்த இடைவெளிக்குக் காரணம் என்ன, பெற்றோர் கவனிக்க வேண்டியவை யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சிகிச்சையின் பின்னணி

எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றைக் கைகளால் தொட்டும் அழுத்தியும் அசைத்தும் சீர்செய்ய முடியும் என்ற அடிப்படையில் அமைந்தது ஆஸ்டியோபதி. அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் இதைத் தோற்றுவித்தார். மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் 1892-ஆம் ஆண்டு இதற்கான முதல் கல்லூரியை அவர் தொடங்கினார்.

அக்கல்லூரியில் பயின்ற வில்லியம் கார்னர் சதர்லண்ட் என்பவரே கிரேனியல் ஆஸ்டியோபதியின் முன்னோடி. மண்டையோட்டு எலும்புகளின் விளிம்புகள் மீனின் செவுள்போல் சரிந்திருப்பதைக் கண்ட அவர், அவை அசைவதற்கென்றே அமைந்தவை என்ற முடிவுக்கு வந்தார். தமது கருத்துகளைத் தொகுத்து 1939-இல் நூலாகவும் வெளியிட்டார். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீர்மம் ஒரு சீரான தாளத்தில் இயங்குகிறது, அந்தத் தாளத்தைப் பயிற்சி பெற்ற கை உணர முடியும், அதில் ஏற்படும் தடையை நீக்கவும் முடியும் என்பன இம்முறையின் அடிப்படைக் கூற்றுகள். பின்னாளில் ஜான் அப்லெட்ஜர் என்ற அமெரிக்கர் இதையொட்டி 'கிரேனியோசேக்ரல் தெரபி' என்ற முறையைப் பரப்பினார். அதில் சுமார் 5 கிராம் எடைக்கு நிகரான அழுத்தமே போதும் என்று கூறப்படுகிறது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இக்கருத்து பெற்றோரை எளிதில் ஈர்ப்பதற்குக் காரணம் உண்டு. பச்சிளங் குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் உண்மையிலேயே ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்திருப்பதில்லை. பிரசவப் பாதையில் தலை நெருங்கி வெளிவருவதற்காகவே அவற்றிடையே இடைவெளி உள்ளது. பின்பக்க உச்சிக்குழி பொதுவாக 2 முதல் 3 மாதங்களிலும், முன்பக்க உச்சிக்குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களிலும் மூடிக்கொள்கின்றன. கடினமான பிரசவத்திலோ, கருவி கொண்டு வெளியே எடுத்தபோதோ தலையில் ஏற்பட்ட அழுத்தம்தான் குழந்தையை அமைதியிழக்கச் செய்கிறது என்ற விளக்கம், பேறுகாலத் துன்பத்தை நினைவில் சுமக்கும் தாய்க்கு உண்மையாகவே தோன்றும்.

பெற்றோர் கூறுவது என்ன?

இச்சிகிச்சைக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோர் விவரிக்கும் அனுபவம் பெரும்பாலும் ஒரே வடிவில் அமைந்துள்ளது. சிகிச்சையாளர் முதலில் நெடுநேரம் கேள்விகள் கேட்கிறார். பிரசவம் எப்படி நடந்தது, குழந்தை எப்போது அழுகிறது, எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறது, தாய் எவ்வளவு நேரம் உறங்குகிறார் என்று விசாரிக்கிறார். பின்னர் அமைதியான அறையில் குழந்தையின் பிடரியிலும் முதுகிலும் கைகளை வைத்துச் சில நிமிடங்கள் அசையாமல் இருக்கிறார். குழந்தை மெல்லத் தளர்கிறது, சில வேளைகளில் அங்கேயே உறங்கியும் விடுகிறது.

பல நாள்களுக்குப் பிறகு குழந்தை அமைதியாக இருப்பதைக் காணும் தாய் அழுதுவிடுவதும் உண்டு. இரண்டு, மூன்று அமர்வுகளுக்குள் மாலை நேர அழுகை குறைந்ததாகவும், உறக்கம் கூடியதாகவும் பலர் கூறுகின்றனர். எந்த மாற்றமும் இல்லை, பணம்தான் செலவாயிற்று என்று கூறுவோரும் உள்ளனர். ஆனால் பலன் கண்டவர்கள் மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கின்றனர், பலன் காணாதவர்கள் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடுகின்றனர். இதனால் காதில் விழும் செய்தி வெற்றிக் கதைகளாகவே அமைந்துவிடுகிறது.

'உரம்' எடுக்கும் கைகள்

அழும் குழந்தைக்குப் பயிற்சி பெற்ற கை ஒன்று தேவை என்ற எண்ணம் தமிழர்களுக்குப் புதிதன்று. தூக்கும்போது குழந்தை வீறிட்டு அழுதால், கழுத்திலோ முதுகிலோ 'உரம் விழுந்துவிட்டது' என்று முதியோர் கூறுவர். மென்மையான பழைய வேட்டியிலோ சேலையிலோ குழந்தையைக் கிடத்தி, இருபுறமும் துணியைப் பிடித்துப் பக்கத்துக்குப் பக்கம் மெல்ல உருட்டுவர். சில வீடுகளில் இதற்குச் சுளகைப் பயன்படுத்துவதும் உண்டு. ஊரில் 'உரம் எடுக்கத் தெரிந்தவர்' என்று ஒருவர் இருப்பார். மருத்துவப் பாடநூல்களில் 'உரம்' என்றொரு நோய் இல்லை. எனினும் அதை எடுத்த பிறகு குழந்தை உறங்கியதாகச் சொல்லும் குடும்பங்கள் ஏராளம்.

திருநெல்வேலி உள்ளிட்ட தென்மாவட்டங்களிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தாராவித் தமிழர்களிடமும், மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களிடமும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் உள்ளது. குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பின்னரே தாய் மும்பை திரும்புவார். குழந்தைகள் அதிகம் அழும் காலமும் ஏறக்குறைய அந்த முதல் மூன்று மாதங்களே. குழந்தையைத் தோள் மாற்றிச் சுமக்கப் பாட்டி, அத்தை, சித்தி என்று பல கைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கடினமான காலம் கழிந்துவிடுகிறது.

மும்பையிலேயே குழந்தை பெறும் குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. கணவர் இரவு நேரப் பணியில் இருக்கலாம். சுவருக்கு அப்பால் உறங்கும் அண்டை வீட்டாரை எண்ணித் தாய் கூசலாம். அத்தகைய வீடுகளில் கூலி கொடுத்து வரவழைக்கப்படும் கைகளே துணை. காலையில் வந்து, நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, துணியில் சுற்றிப் படுக்க வைக்கும் மாலிஷ்வாலிகள் மும்பையின் எல்லா மொழியினர் வீடுகளிலும் பழகியவர்கள்.

இந்த எண்ணெய்த் தேய்ப்பு தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனையில் ஆய்வுக்கும் உட்படுத்தப்பட்டுள்ளது. லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என்ற முழுப் பெயர் கொண்ட அங்கு நடத்தப்பட்டு 2005-இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், தேங்காய் எண்ணெய் தேய்க்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் எடை கூடும் வேகம் மற்ற குழுக்களைவிட அதிகமாக இருந்தது. ஆனால் குழந்தைகளின் நரம்பியல் நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தொடுதலால் ஒரு பயன் உண்டு என்பதாலேயே, அதற்குச் சொல்லப்படும் எல்லாப் பயன்களும் மெய்யாகிவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அழுகைக்கும் ஒரு கணக்கு உண்டு

நல்ல ஆரோக்கியத்துடன், போதுமான பால் குடித்து வளரும் குழந்தை காரணமின்றி நீண்ட நேரம் அழுவதை மருத்துவர்கள் 'கோலிக்' என்று அழைக்கின்றனர். நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 3 நாள்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் அழுதால் அது கோலிக் என்ற வரையறையை அமெரிக்க மருத்துவர் மோரிஸ் வெசல் தலைமையிலான குழுவினர் 1954-இல் முன்வைத்தனர். 2016-இல் வெளியான 'ரோம் 4' வரையறை இந்த மணிக் கணக்கைக் கட்டாயமாக்கவில்லை. வெளிப்படையான காரணமின்றி 5 மாதங்களுக்கு உட்பட்ட குழந்தை நீண்ட நேரம் அழுவதும், பெற்றோரால் அதைத் தடுக்க இயலாமல் போவதும் அதில் முதன்மை பெறுகின்றன.

இதற்கான திட்டவட்டமான காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆனால் அழுகை எந்தப் போக்கில் கூடிக் குறைகிறது என்பது நன்கு அறியப்பட்டுள்ளது. பல நாடுகளைச் சேர்ந்த 8,690 குழந்தைகள் பற்றிய 28 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான பகுப்பாய்வின்படி, முதல் 6 வாரங்களில் குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 117 முதல் 133 நிமிடங்கள் வரை அழுகின்றன. 10 முதல் 12 வாரங்களில் இது 68 நிமிடங்களாகக் குறைந்துவிடுகிறது. கோலிக் வரையறைக்குள் வரும் குழந்தைகள் முதல் 6 வாரங்களில் 17 முதல் 25 சதவீதம். 8, 9 வாரங்களில் இது 11 சதவீதம். 10 முதல் 12 வாரங்களிலோ 0.6 சதவீதம் மட்டுமே.

பெற்றோர் சிகிச்சையை நாடும் நேரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் நிலைமை தெளிவாகும். அழுகை உச்சத்தில் இருக்கும்போது, அதாவது 6-ஆவது வாரத்தை ஒட்டி, பொறுமையின் எல்லைக்கு வந்த பிறகே பெரும்பாலோர் உதவி தேடுகின்றனர். வாரம் ஒன்றாக 4 அமர்வுகள் முடியும்போது குழந்தைக்கு 10 வாரம் ஆகியிருக்கும். எந்தச் சிகிச்சையும் பெறாத குழந்தைகளின் அழுகையும் ஏறக்குறைய பாதியாகக் குறையும் காலம் அதுவே. எனவே கிரேனியல் ஆஸ்டியோபதி செய்தாலும், உரம் எடுத்தாலும், கிரைப் வாட்டர் கொடுத்தாலும், எதுவுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலான வீடுகளில் அழுகை குறையவே செய்யும். கடைசியாகச் செய்தது எதுவோ அதற்கே பெருமை சேர்கிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இதனால்தான் சிகிச்சை பெற்ற குழந்தைகளை மட்டும் பார்க்காமல், பெறாத குழந்தைகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது. பிரிட்டனில் 28 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், கிரேனியல் ஆஸ்டியோபதி பெற்ற குழந்தைகளின் அழுகை 4 வாரங்களில் 63 சதவீதமும், பெறாதவர்களின் அழுகை 23 சதவீதமும் குறைந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. சிகிச்சைக்கு ஆதரவாகப் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இது. ஆயினும் குழந்தைகளின் எண்ணிக்கை சிறியது. தமது குழந்தைக்குச் சிகிச்சை கிடைக்கிறதா, இல்லையா என்பதை எல்லாப் பெற்றோரும் அறிந்திருந்தனர். அழுகை நேரத்தைக் குறித்து வைத்தவர்களும் அவர்களே.

கையால் செய்யப்படும் சிகிச்சைகள் குறித்த 6 ஆய்வுகளை, மொத்தம் 325 குழந்தைகளின் தரவுகளுடன், காக்ரேன் அமைப்பு 2012-இல் தொகுத்து ஆராய்ந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக அழுகை குறைந்ததாகத் தோன்றியது. ஆனால் எந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டது என்பது பெற்றோருக்குத் தெரியாமல் நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது, அந்தப் பலன் புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. 2018-இல் 'பிஎம்ஜே ஓபன்' இதழில் வெளியான மற்றொரு தொகுப்பாய்வும் அழுகை நேரம் 1.27 மணி நேரம் குறைந்ததாகக் கண்டறிந்தது. அதுவும் பெற்றோரின் எதிர்பார்ப்பு முடிவுகளைப் பாதித்திருக்கக்கூடும் என்ற ஐயத்தை முற்றிலும் நீக்கவில்லை.

இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே பிரிட்டனில் ஆஸ்டியோபதித் துறையினரே முன்னின்று ஓர் ஆய்வை நடத்தினர். 66 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான மென்தொடுதல் ஆஸ்டியோபதி சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றொரு குழுவுக்குச் சிகிச்சை நோக்கம் எதுவுமின்றி வெறும் மென்மையான தொடுதல் மட்டும் அளிக்கப்பட்டது. எது யாருக்கு என்பது பெற்றோருக்குத் தெரிவிக்கப்படவில்லை. 2024-இல் வெளியான முடிவுகளின்படி, இரு குழுக்களுக்கும் இடையே அழுகை நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதாவது, தொடுதலுக்குப் பின்னால் உள்ள தனித் தொழில்நுட்பம் கூடுதல் பயன் எதையும் தந்ததாகத் தெரியவில்லை.

இம்முறையின் அடிப்படையான 'தாளம்' குறித்தும் கேள்விகள் உள்ளன. அமெரிக்காவில் 1994-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற 3 பிசியோதெரபிஸ்டுகள் ஒரே 12 பேரின் தலையைத் தொட்டுத் தாளத்தைக் கணக்கிட்டனர். அவர்கள் கூறிய எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நோய் கண்டறியும் முறையின் நம்பகத்தன்மைக்கும் சிகிச்சையின் பலனுக்கும் வலுவான சான்று ஏறக்குறைய இல்லை என்று பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட மதிப்பாய்வும் தெரிவித்தது. கோலிக் பிரச்சினைக்குத் தீர்வு என்று ஆஸ்டியோபதி சிகிச்சையகங்கள் விளம்பரம் செய்வதைப் பிரிட்டனின் விளம்பர நெறிமுறை அமைப்பு ஏற்பதில்லை.

தீங்கு உண்டா?

முறையாகச் செய்யப்படும் மென்தொடுதலால் கடுமையான தீங்கு நேர்வது அரிது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் முக்கியமானவை. கழுத்தையோ முதுகெலும்பையோ வலிந்து வளைப்பதும் திருகுவதும் மென்தொடுதல் ஆகாது. நெதர்லாந்தில் 3 மாதக் குழந்தை ஒன்று, கிரேனியோசேக்ரல் சிகிச்சை என்ற பெயரில் கழுத்தும் முதுகும் ஆழமாக வளைக்கப்பட்டதைத் தொடர்ந்து உயிரிழந்ததை அந்நாட்டு மருத்துவ இதழ் 2009-இல் பதிவு செய்தது. உரம் எடுக்கும்போதும், மாலிஷ் செய்யும்போதும், தலைகீழாகத் தூக்கிப் பிடிக்கும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டாவது, இதைவிடப் பொதுவானது. அழுகைக்கு உண்மையான நோய் காரணமாக இருக்கும்போது, சிகிச்சை அமர்வுகளிலும் கைவைத்தியத்திலும் காலம் கடந்துவிடுவது. நோய்த்தொற்று, மூளைக்காய்ச்சல், குடல் செருகிக்கொள்ளுதல், குடலிறக்கம் ஆகியவையும் தொடக்கத்தில் ஓயாத அழுகையாகவே வெளிப்படலாம். கால் விரலில் தாயின் தலைமுடி இறுகச் சுற்றிக்கொண்டதால் குழந்தை அலறிய நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் உண்டு. எனவே துணிகளைக் கழற்றிக் குழந்தையை உச்சி முதல் பாதம் வரை பார்ப்பது முதல் வேலை.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று குழந்தைகள் நல மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்: 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் கழிப்பது குறைதல், உச்சிக்குழி புடைத்திருத்தல், வழக்கத்துக்கு மாறான கீச்சுக்குரல் அழுகை, துவண்டு கிடத்தல், வலிப்பு, மூச்சுத் திணறல், தொடை இடுக்கில் வீக்கம். மகாராஷ்டிரத்தில் அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம்.

குழந்தை எப்போதும் ஒரே பக்கம் தலையைத் திருப்பி வைத்திருந்தாலோ, தலையின் ஒரு பக்கம் தட்டையானாலோ அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்துத் தசை இறுக்கமாக இருந்தால் அதற்கென முறையான பிசியோதெரபி உண்டு. மண்டையோட்டு எலும்புகள் முன்கூட்டியே இணைந்துவிடும் அரிய நிலைக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். தலையைப் பிடித்துவிட்டு வடிவம் கொண்டுவரும் பழக்கம் இவ்விரண்டுக்கும் தீர்வாகாது.

மருந்துக் கடையில் கிடைப்பவை

தொடுதல் சிகிச்சையைவிட அதிகம் கவனிக்க வேண்டியவை வாய்வழியே கொடுக்கப்படும் பொருள்கள். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்டு என்பவர் உருவாக்கிய கிரைப் வாட்டர், பல தலைமுறைகளாக இந்திய வீடுகளில் பழகிய பெயர். அதன் தொடக்ககாலக் கலவையில் மதுசாரம் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. கோலிக் அழுகையை அது குறைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்க வேண்டாம் என்ற பரிந்துரைக்கும் அது முரணானது. சிமெதிகோன் சொட்டு மருந்தும் வெற்று மருந்தைவிட அதிகப் பயன் தந்ததாக நிறுவப்படவில்லை.

டைசைக்ளோமின் கலந்த சொட்டு மருந்துகள் குறித்துத் தனி எச்சரிக்கை தேவை. மூச்சு நின்றுபோதல், வலிப்பு போன்ற பாதிப்புகள் பதிவானதால் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது கொடுக்கக்கூடாத மருந்து. மருந்துச் சீட்டின்றிக் கடையில் கேட்டு வாங்கும் 'வயிற்று வலி சொட்டு' எது என்பதைப் பெற்றோர் பெயர் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா ஏற்படலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் பார்க்க வேண்டியது பால் குடிக்கும் முறை. குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாமல் காற்றையும் சேர்த்து விழுங்குகிறதா, வயிறு நிறைகிறதா என்பதை அனுபவமிக்க செவிலியர் ஒருவர் பார்த்தாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும். சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் தொடங்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. அவர் 1999-இல் தொடங்கிய 'ஸ்நேஹா' தொண்டு நிறுவனம் தாராவியில் தாய்-சேய் நலப் பணிகளில் ஈடுபட்டு வருகிறது.

தூக்கிச் சுமப்பதற்கும் ஓரளவு சான்று உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் நடத்தப்பட்டு 1986-இல் வெளியான ஆய்வில், அழாத நேரத்திலும் கூடுதலாகச் சுமக்கப்பட்ட சாதாரணக் குழந்தைகள் 6 வார வயதில் 43 சதவீதம் குறைவாக அழுதன. ஆனால் ஏற்கெனவே கோலிக் உள்ள குழந்தைகளிடம் அதே பலன் பின்னர் காணப்படவில்லை. அழும் குழந்தையை 5 நிமிடம் தூக்கிக்கொண்டு நடந்து, உறங்கிய பின் 5 முதல் 8 நிமிடங்கள் மடியில் வைத்திருந்து படுக்க வைக்கலாம் என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2022-இல் பரிந்துரைத்தனர். பாட்டிமார் காலங்காலமாகச் செய்து வருவதும் இதையேதான். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட வகை புரோபயாட்டிக் ஓரளவு பயன் தருவதாக 2018-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு காட்டுகிறது. எனினும் மருத்துவர் ஆலோசனை இன்றி அதைக் கொடுக்கக் கூடாது.

தாயையும் பார்க்க வேண்டும்

இந்திய மகளிரிடையே பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குறித்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார அமைப்பின் இதழில் 2017-இல் வெளியான கட்டுரை, சுமார் 22 சதவீதத் தாய்மார் அதற்கு ஆளாவதாக மதிப்பிட்டது. ஓயாத அழுகை இந்தச் சோர்வைப் பெருக்குகிறது. 'உனக்குப் பால் போதவில்லை', 'நீ சாப்பிட்டது சேரவில்லை' என்ற சொற்கள் தாயை மேலும் குற்றவாளியாக்குகின்றன. சலிப்பின் உச்சத்தில் குழந்தையை உலுக்கிவிடும் அபாயமும் இந்த வாரங்களில்தான் அதிகம். உலுக்குவதால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு உயிரிழப்போ நிரந்தரப் பாதிப்போ நேரலாம். பொறுமை எல்லை மீறுவதாகத் தோன்றினால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் விலகி நிற்பதே சரியான செயல். மனநல உதவிக்கு மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கிரேனியல் ஆஸ்டியோபதி குறித்துப் பெற்றோர் கூறும் நல்ல அனுபவத்தின் ஒரு பகுதி இங்கேதான் விளக்கம் பெறுகிறது. குறுக்கிடாமல் தாயின் பேச்சைக் கேட்கும் ஒருவர், குழந்தையை நம்பிக்கையோடு ஏந்தும் இன்னொரு கை, அரை மணி நேர அமைதி ஆகியவை அந்த அறையில் உண்மையிலேயே கிடைக்கின்றன. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் சில நிமிடங்களே கிடைக்கும் தாய்க்கு இது பெரிய வேறுபாடு. தலையைத் தொட்ட முறையால் அழுகை நின்றது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் தாய் தேறினார் என்பது பொய்யன்று.

செல்ல விரும்புவோர் கவனத்துக்கு

பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டின் சட்டப்படி ஆஸ்டியோபதி சிகிச்சையாளர்கள் பதிவு செய்துகொள்வது கட்டாயம். இந்தியாவில் ஆஸ்டியோபதிக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஒடிசாவின் கட்டாக் நகரில் உள்ள ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகத்தில் இதற்கான படிப்பு உள்ளது. பெயர்ப்பலகையைக் கொண்டு மட்டும் ஒருவரின் தகுதியை அறிய முடியாது. எனவே எங்கு, எத்தனை ஆண்டு பயின்றார், கைக்குழந்தைகளைக் கையாண்ட அனுபவம் உண்டா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

குழந்தைகள் நல மருத்துவர் பரிசோதித்து நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே இத்தகைய சிகிச்சையைப் பற்றி எண்ண வேண்டும். எத்தனை அமர்வுகள், மொத்தச் செலவு எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கழுத்தைத் திருக மாட்டேன் என்ற உறுதியையும் பெற வேண்டும். தடுப்பூசியை நிறுத்தச் சொல்பவரிடமும், மருத்துவர் எழுதிய மருந்தை விடச் சொல்பவரிடமும் குழந்தையைக் கொடுக்கக் கூடாது. கடன் வாங்கியோ, வீட்டுச் செலவைக் குறைத்தோ இதற்குச் செல்ல வேண்டிய அவசியம் எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.

பெரும்பாலான குழந்தைகளுக்கு 12 வாரத்துக்குள் இந்த அழுகை அடங்கிவிடுகிறது. அதுவரை மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு, தாயை உறங்க அனுப்பும் கணவரோ, மாமியாரோ, பக்கத்து வீட்டுப் பெண்மணியோ இருந்தால், அதுவே அந்த வீட்டுக்குக் கிடைக்கும் முதல் உதவி.